கைப்பைக்குள் ஒளித்து வைத்த பம்ப்

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய இரண்டொரு விபரங்களை நானும் மாற்றியிருக்கிறேன்.

வயது 28. புறக்கோட்டை நான்காம் குறுக்குத்தெருவில் செத்தல் மிளகாய் மொத்தக் கடை ஒன்றுக்கு மேலே, இரண்டாம் மாடியில் ஒரு ஒபிஸில் கணக்கு எழுதுகிறார். சின்ன வயதில் முட்டு (மூச்சிழுப்பு) இருந்து, பத்துப் பன்னிரண்டு வயதோடு விட்டுப்போனது. மூன்று வருடத்துக்கு முன் திரும்பி வந்திருக்கிறது. விடியப்புறம் நான்கு மணிக்கு இருமலோடு விழிப்பு வரும், நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம் கேட்கும். ஒபிஸ் படி ஏறி முடிய ஐந்து நிமிடம் பேச முடியாது. "எவ்வளவு இழுத்தாலும் மூச்சு உள்ளே போவதே இல்லை டொக்டர்" என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறார்.

வாயால் இழுக்கும் நீல பம்ப் (இன்ஹேலர்) ஒன்று ஒரு மாதத்தில் முடிகிறது. மண்ணிற பம்பும் கொடுத்திருந்தார்கள்; இரண்டு கிழமை அடித்துப் பார்த்து, ஒரு மாற்றமும் தெரியவில்லை என்று விட்டுவிட்டார். கடுமையாக வந்தால் பாமசியில் சொல்லி, நீல பம்பில் இருக்கும் அதே சல்பியூட்டமோல் மருந்தின் குளிசையும் ஐந்து நாளுக்கு ஸ்டீரொயிட் குளிசையும் வாங்கிப் போடுகிறார். இந்த வருடம் மட்டும் நான்கு தடவை. ஒரு இடத்தில் விரலில் கிளிப் மாட்டி 98 என்றார்கள், எக்ஸ்ரே எடுத்துச் சுத்தம் என்றார்கள், "டென்ஷனாக இருக்கும்" என்று அனுப்பிவிட்டார்கள்.

இதற்கிடையில் மட்டக்களப்பிலிருந்து ஒரு சம்பந்தம் பேசி வந்திருக்கிறது. அம்மா சொல்லிவிட்டாராம்: கலியாணம் முடியும் மட்டும் பம்ப் கண்ணில் படக்கூடாது, அது கடைசிக் கட்ட வைத்தியம், தொட்டால் விடாது. அதற்குப் பதில் ஆவி, ஆடாதோடை, வெறும் தேத்தண்ணி. மகள் பம்பைக் கைப்பையின் உள்பையில், கைக்குட்டைக்குள் சுற்றி வைத்திருக்கிறார்.

அவர் கேட்பது நான்கு. இது என் கற்பனையா? பம்பை நிறுத்தலாமா? பிள்ளைகளுக்கும் வருமா? மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லத்தான் வேண்டுமா?

இனி உங்களோடு நேரே கதைக்கிறேன், பிள்ளை. உங்கள் நெஞ்சில் நான் குழாய் வைத்துப் பார்க்கவில்லை, அதனால் முடிந்த முடிவாக எதையும் சொல்ல மாட்டேன். ஆனால் சின்ன வயதில் இருந்து போய்த் திரும்பியது, விடியப்புறம் எழுப்புவது, மிளகாய்த் தூசிக்கும் படிக்கும் கூடுவது, நீல பம்புக்குத் தணிவது எல்லாம் சேர்த்துப் பார்த்தால் இது ஆஸ்துமாவாக இருக்கத்தான் அதிக சாத்தியம். கற்பனையில் யாருக்கும் நெஞ்சு விசிலடிப்பதில்லை.

மூச்சு மாட்டிக்கொள்ளும் இடம்

ஓ.எல். விஞ்ஞானத்தில் வாதனாளி, சுவாசப்பை, சிற்றறை, பிரிமென்றகடு என்று பாடமாக்கிப் படமும் கீறியிருப்பீர்கள். பரீட்சையோடு மறந்திருப்பீர்கள், அது பரவாயில்லை. இப்போது கொஞ்சம் தூசி தட்டுவோம், ஏனென்றால் உங்கள் நான்கு கேள்விகளில் இரண்டுக்குப் பதில் அந்தப் படத்துக்குள்தான் கிடக்கிறது.

சுவாசப்பைக்குத் தானாக விரியத் தெரியாது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே கூடாரம் போல வளைந்து நிற்கும் பிரிமென்றகடு கீழே இறங்கும், விலா எலும்புகள் எழும்பும், நெஞ்சறை பெரிதாகும். உள்ளே அமுக்கம் குறைய வெளிக்காற்று வந்து நிரம்பும். வெளியே விடுவதற்கு, சும்மா இருக்கும் நேரத்தில், ஒரு தசையும் பாடுபட வேண்டியதில்லை. இழுத்து விட்ட றப்பர் போல சுவாசப்பை தானே சுருங்கிக் காற்றைத் தள்ளிவிடும். ஒரு மூச்சுக்கு ஏறக்குறைய அரை லீற்றர், நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை. நாம் கவனிப்பதே இல்லை.

காற்று போகும் வழி ஒரு தலைகீழ் மரம். அடிமரம் வாதனாளி, 10 முதல் 12 சென்ரிமீற்றர் நீளம். லாடம் போன்ற கசியிழைய வளையங்கள் அதை மூடிவிடாமல் தாங்கி நிற்கின்றன. அது இரண்டாகப் பிரிந்து, இரண்டு நான்காகி, இப்படி 23 தடவை வரை கிளைக்கிறது. முதல் 16 கிளைப்பு வரை வெறும் பாதைதான், அங்கே ஒட்சிசன் இரத்தத்துக்குப் போவதில்லை. அந்த வேலை கடைசியில் இருக்கும் சிற்றறைகளுக்கு. வளர்ந்த ஒருவருக்குச் சராசரி 48 கோடி சிற்றறைகள். ஒன்றின் குறுக்களவு ஒரு மில்லிமீற்றரில் ஐந்தில் ஒரு பங்கு. எல்லாவற்றையும் விரித்துப் போட்டால் ஒரு சின்ன வீட்டின் தரையளவுக்கு, 70 சதுர மீற்றர் அளவில் வரும்.

கொழும்பில் வழி சொல்வது போலச் சொல்கிறேன். ஆமர் வீதியில் பஸ்ஸும் லொறியும் போகும். அதிலிருந்து பிரியும் தெருவில் முச்சக்கர வண்டி போகும். அதற்குள் பிரியும் ஒழுங்கையில் ஆள் மட்டும்தான் போகலாம். வீடுகள் அந்த ஒழுங்கைகளின் முடிவில். ஆஸ்துமா வீட்டை உடைப்பதில்லை, ஆமர் வீதியையும் மறிப்பதில்லை. தெருக்களிலும் ஒழுங்கைகளிலும் நின்று நெருக்குகிறது. ஒரு மில்லிமீற்றரிலும் ஒடுங்கிய அந்த நுண்குழாய்களுக்குக் கசியிழையம் கிடையாது, சுற்றிவர மெல்லிய தசை மட்டும்தான். தூசியோ குளிர்காற்றோ பட்டதும் அந்தத் தசை இறுகுகிறது, உட்சுவர் வீங்குகிறது, சளியும் சேர்ந்து வழியை அடைக்கிறது. குழாயின் அகலம் பாதியானால் காற்றுக்கான தடை இரண்டு மடங்காகும் என்று நினைப்போம். உண்மையில் 16 மடங்காகிறது. கண்ணுக்குத் தெரியாத வீக்கம் உங்களைப் படியில் உட்கார வைப்பது இதனால்தான்.

இப்போது நீங்கள் இரண்டு தடவை எழுதிய அந்த வரிக்கு வருவோம். மூச்சு உள்ளே போகவில்லை என்கிறீர்கள். நெஞ்சு விரியும்போது நுண்குழாய்களும் கூடவே இழுபட்டுத் திறக்கின்றன, அதனால் காற்று எப்படியோ உள்ளே போய்விடும். விடும்போது அவை மறுபடி ஒடுங்கும். ஏற்கெனவே நெருங்கியிருக்கும் ஒழுங்கை அப்போது அடைபட்டுப் போகும். பழைய மூச்சு முழுதாக வெளியேறும் முன் அடுத்த மூச்சை இழுக்கிறீர்கள். அதன் மேல் இன்னொன்று. சுவாசப்பை ஊதிக்கொண்டே போகிறது. நிரம்பிய குடத்துக்குள் தண்ணீர் ஊற்றினால் போகுமா? உங்களுக்குப் போகாதது போலத் தெரிவது அதனால்தான். அந்தப் பூனைக்குட்டிச் சத்தமும் விடும்போதுதான் கூடுதலாகக் கேட்டிருக்கும். அடுத்த தடவை கவனியுங்கள்.

அம்மா நம்பவில்லை என்றால் அவரிடம் ஒரு விளையாட்டுச் செய்யச் சொல்லுங்கள் (நீங்கள் செய்ய வேண்டாம், அவருக்கு இருதய வருத்தமோ பெரிய பிறஷரோ இருந்தால் அவரும் வேண்டாம்). மூச்சை முழுதாக இழுக்கட்டும். கால்வாசி மட்டும் விடட்டும். அந்த உயரத்திலேயே நின்று குட்டிக் குட்டியாக இழுத்து விடட்டும். ஆறு மூச்சுக்குள் "ஐயோ போதும்" என்பார். நான் புதிதாக வரும் மருத்துவ மாணவர்களுக்கும் இதைச் செய்யச் சொல்வேன். ஆஸ்துமாக்காரர் நடிக்கிறார் என்று அதற்குப் பிறகு ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை.

அந்த 98

விரல் கிளிப் காட்டுவது உங்கள் ஈமோகுளோபினில் எத்தனை வீதம் ஒட்சிசன் ஏறியிருக்கிறது என்பதை மட்டும். ஈமோகுளோபின் கெட்டிக்காரி, காற்றோட்டம் ஓரளவு குறைந்தாலும் பிடித்து நிரப்பிக்கொள்ளும். போதாததற்கு நீங்களும் வேகமாக மூச்சு வாங்கிச் சமாளிக்கிறீர்கள். அதனால் ஆஸ்துமாவில் அந்த இலக்கம் கடைசி வரைக்கும் நல்ல பிள்ளையாக நிற்கும். அது 92க்குக் கீழே இறங்கினால் உயிருக்கு ஆபத்து என்று எடுக்கிறோம். ஆகவே 98 என்றால் அந்த நிமிடத்தில் ஆபத்தில்லை என்று அர்த்தம். ஆஸ்துமா இல்லை என்று அர்த்தமில்லை.

எக்ஸ்ரேயும் அப்படித்தான். நிமோனியா, காசம், நீர் போன்றவற்றைக் கண்டுபிடிக்க அது நல்ல ஆயுதம். இந்த நுண்குழாய் இறுகுவதும் தளர்வதும் அதில் விழாது. வெள்ளம் வடிந்த பிறகு ஒழுங்கையைப் படம் எடுத்தது போலத்தான் இருக்கும்.

உங்களுக்கு வேண்டியது ஊதிப் பார்க்கும் பரிசோதனை. ஸ்பைரோமெட்ரி என்பார்கள். முழு மூச்சு இழுத்து, முடிந்த வேகத்தில் ஊத வேண்டும். முதல் ஒரு விநாடியில் எவ்வளவு வெளியே வருகிறது என்று மெஷின் கணக்கெடுக்கும். பிறகு சல்பியூட்டமோல் கொடுத்து இன்னொரு தடவை ஊதச் சொல்வார்கள். அளவு 12 வீதத்துக்கும் 200 மில்லிலீற்றருக்கும் மேலே கூடினால் ஒழுங்கை இறுகித் தளர்கிறது என்பதற்கு அது சாட்சி. நல்லாயிருக்கும் நாளில் ஊதினால் சரியாக வந்துவிடலாம், அதற்காகச் சோர வேண்டாம். பீக் ஃபுளோ மீற்றர் என்று கையில் பிடிக்கும் சின்னக் குழாய் இருக்கிறது. இரண்டு கிழமை காலையும் மாலையும் ஊதிக் கொப்பியில் எழுதினால், காலையில் விழுந்து மாலையில் ஏறும் கதை எழுத்தில் வந்துவிடும். கணக்கு எழுதுகிறவர் நீங்கள், இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"டென்ஷன்" என்று சொன்னவரையும் முழுதாகத் தள்ளிவிட மாட்டேன். மூச்சு முட்டினால் யாருக்கும் பயம் வரும். பயம் வந்தால் மூச்சு வேகமெடுக்கும். காபனீரொட்சைட்டு தேவைக்கு மேல் வெளியேற, விரல் விறைக்கும், தலை சுற்றும். ஆஸ்துமாவும் பயமும் ஒரே வீட்டில் குடியிருக்கலாம். ஆனால் விடியப்புறம் நான்கு மணிக்கு நித்திரையில் இருந்தவரை இருமி எழுப்பியது பயமாக இருக்காது. அந்த நேரத்தில்தான் எல்லோருக்குமே மூச்சுக்குழாய்கள் மிகவும் ஒடுங்கியிருக்கும். சுகமானவருக்கு அது தெரியாது, உங்களுக்குத் தெரிகிறது.

பம்பா, குளிசையா?

அம்மாவின் கணக்குப்படி குளிசை சாதாரணம், பம்ப் பாரதூரம். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள், படித்தவர்களும்தான். நிலைமை நேரெதிர்.

நீல பம்பை ஒரு தடவை அடித்தால் வருவது 100 மைக்ரோகிராம் சல்பியூட்டமோல். நீங்கள் பாமசியில் வாங்கும் ஒரு குளிசை 4 மில்லிகிராம் என்றால், 4,000 மைக்ரோகிராம். நாற்பது அடிக்குச் சமமான மருந்தை விழுங்குகிறீர்கள். அது வயிற்றுக்குப் போய், ஈரலுக்குப் போய், இரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றி, மிச்சம் மீதிதான் நுண்குழாய்க்கு வந்து சேரும். கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது என்று எழுதியிருந்தீர்களே, அது வருத்தம் இல்லை, குளிசை. ஒழுங்கைக்குள் ஒரு வீட்டில் நெருப்பு என்றால் அந்த வீட்டுக்குத்தான் தண்ணீர் கொண்டு போவோம். கொழும்பு முழுக்க வெள்ளம் விட மாட்டோம்.

ஸ்டீரொயிட் குளிசை இன்னும் கவலை. கடுமையான நேரத்தில் வைத்தியர் பார்த்துக் கொடுத்தால் அது உயிர் காக்கும் மருந்து. அதில் ஒரு சந்தேகமும் இல்லை. வருடத்தில் நான்கு தடவை, அதுவும் நீங்களாகவே வாங்கி என்றால், எலும்பு, சீனி, பிறஷர், கண் என்று கடன் ஏறிக்கொண்டு போகிறது. மண்ணிற பம்பில் இருப்பதும் ஸ்டீரொயிட்தான், ஆனால் நாளொன்றுக்குச் சில நூறு மைக்ரோகிராம். ஐந்து நாள் குளிசை என்றால் தினமும் பெரும்பாலும் 30 மில்லிகிராம் அல்லது அதற்கு மேலே. இரண்டும் வேறு வேறு மருந்து, எடைக்கு எடை ஒப்பிட முடியாது என்பது உண்மை. இருந்தாலும் எது மலை எது மடு என்று விளங்கும். (குளிசையைத் தொடர்ந்து பல கிழமை போட்டுக்கொண்டிருந்தால் மட்டும் சடாரென்று நிறுத்த வேண்டாம். உடம்பு தன் சொந்தச் சுரப்பைக் குறைத்திருக்கும். வைத்தியரைக் கேட்டு இறக்க வேண்டும்.)

மண்ணிறம் வேலை செய்யவில்லை என்றீர்கள். அது அடித்த உடனே தெரியும் மருந்தே இல்லை. நீலம் இறுகிய தசையைத் தளர்த்துகிறது, ஐந்து நிமிடத்தில் உணர்வீர்கள், நான்கு ஆறு மணித்தியாலத்தில் போய்விடும். மண்ணிறம் வீக்கத்தை வற்ற வைக்கிறது, அதற்கு நாளும் கிழமையும் எடுக்கும். நீலத்தை மட்டும் அடிப்பது, கூரை ஒழுகும்போது வாளி வைத்துக்கொண்டே இருப்பது போல. வாளி நிறைகிறது, ஊற்றுகிறீர்கள், கூரை அப்படியே கிடக்கிறது. ஒரு பம்பில் 200 அடி. மாதம் ஒன்று முடிகிறது என்றால் தினமும் ஆறு ஏழு. வருடத்துக்கு மூன்று நீல பம்புக்கு மேல் போனாலே கடும் தாக்கம் வரும் சாத்தியம் கூடுகிறது. பன்னிரண்டைத் தொட்டவர்களில் மரணமும் கூடுகிறது. உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்திய ஒரே வரி இதுதான். 2019 முதல் உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டல்கள், வளர்ந்தவர்களுக்கும் பன்னிரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கும் நீலத்தை மட்டும் தனியாகக் கொடுக்க வேண்டாம் என்கின்றன. ஸ்டீரொயிட்டும், தசையைத் தளர்த்தும் போமொட்டரோலும் சேர்ந்த ஒரே பம்பைத் தினமும், தேவைப்படும்போதும் பாவிக்கும் முறையும் இப்போது இருக்கிறது. உங்களுக்கு எது பொருந்தும் என்று உங்களைப் பார்க்கும் வைத்தியரைக் கேளுங்கள். ஆனால் கேளுங்கள்.

பழகிப்போகும் என்ற பயத்துக்கு வருகிறேன். பம்பை விட முடியாமல் இருப்பது மருந்தின் மேல் ஆசை வந்ததால் இல்லை, வருத்தம் தணியாததால். கண்ணாடி போடுகிறவரைக் கண்ணாடிக்கு அடிமை என்று யாரும் சொல்வதில்லை. வீக்கம் நன்றாக அடங்கி சில மாதம் நிம்மதியாகப் போனால் அளவைக் குறைத்துக்கொண்டு வருவோம். அதுதான் வழக்கம்.

ஒன்று கேட்கட்டுமா, எப்படி அடிக்கிறீர்கள்? கைக்குட்டைக்குள் வைத்து, ஒபிஸ் கழிவறையில் அவசரமாக என்றால் பாதி மருந்து நாக்கில் ஒட்டியிருக்கும். குலுக்குங்கள். மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள். வாயால் இறுகக் கவ்வி, இழுக்கத் தொடங்கும் அந்தக் கணத்தில் அமத்தி, மெதுவாக, ஆழமாக இழுங்கள். பத்து விநாடி அடக்குங்கள். அடுத்த அடிக்கு அரை நிமிடம் பொறுங்கள். ஸ்பேசர் என்ற குடுவை ஒன்றைப் பொருத்தினால் கையும் மூச்சும் ஒரே நேரத்தில் சேராத பிரச்சினை தீரும். ஸ்டீரொயிட் பம்புக்குப் பிறகு வாய் கொப்பளித்துத் துப்புங்கள், இல்லாவிட்டால் வாயில் வெண்புண் வரும், குரல் கம்மும். அரசாங்கக் கிளினிக்குகளில் பலருக்குக் கப்சியூல் போட்டு இழுக்கும் பொடி இன்ஹேலர் கொடுக்கிறார்கள். அதற்கு முறை மாறி, பலமாக, வேகமாக இழுக்க வேண்டும். இரண்டையும் மாற்றிச் செய்துவிட்டு மருந்து சரியில்லை என்று வருகிறவர்களை வாராவாரம் பார்க்கிறேன்.

அம்மாவின் அடுப்படி

அம்மாவோடு இதற்காகச் சண்டை பிடிக்க வேண்டாம். தேத்தண்ணியில் இருக்கும் கஃபீன், நாங்கள் ஒரு காலத்தில் ஆஸ்துமாவுக்கு அதிகம் எழுதிய தியோபிலின் மருந்தின் ஒன்றுவிட்ட சகோதரம். வெறும் தேத்தண்ணி குடித்தால் நெஞ்சு கொஞ்சம் லேசாகிறது என்பது பொய்யில்லை, பலம்தான் போதாது. ஆடாதோடையும் வெறும் நம்பிக்கை இல்லை. சளி இளக்கும் புரோம்ஹெக்சின் மருந்து பிறந்தது அந்த இலையில் உள்ள வஸிசீன் என்ற பொருளிலிருந்துதான். ஆனால் சளியை இளக்குவது வேறு, வீங்கிய சுவரை வற்ற வைப்பது வேறு. ஆவி மூக்கடைப்புக்கு இதம். நுண்குழாய் வரை அது போய்ச் சேராது, கொதிதண்ணீர் கவிழ்ந்து தொடை வெந்து வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

நான் அம்மாவோடு கதைக்க விரும்புவது வேறொன்றைப் பற்றி. இரவில் பூட்டிய அறைக்குள் நுளம்புச் சுருள் கொளுத்துகிறோம் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். 2003இல் வந்த ஓர் ஆய்வின்படி, ஒரு சுருள் எரிந்து முடிய வெளிவரும் நுண்தூசி 75 முதல் 137 சிகரெட்டின் அளவு. டெங்கு உள்ள ஊரில் நுளம்பை விட்டுவிடுங்கள் என்று சொல்ல முடியாது. வலை கட்டுங்கள். சாம்பிராணியை சாமியறையில் ஜன்னலைத் திறந்துவிட்டு, நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் காட்டச் சொல்லுங்கள், சாமி கோபிக்காது. தலையணை உறையையும் படுக்கை விரிப்பையும் கிழமைக்கு ஒரு தடவை சுடுதண்ணீரில் போடுங்கள், கரப்பானை ஒழியுங்கள். ஒபிஸில் கீழ்க்கடையின் மிளகாய்ச் சாக்கு இறக்கும் பக்கத்து ஜன்னலோரம் உங்கள் மேசை என்றால் இடம் மாற்றக் கேளுங்கள். ஒரு வைத்தியச் சான்றிதழ் கொடுத்தால் பெரும்பாலான முதலாளிமார் இதற்கு மறுக்க மாட்டார்கள். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குக் காற்றோடு தூசி வந்து கொழும்பில் தங்கும். 2022 டிசம்பரில் காற்று கெட்டுப் பாடசாலைகளை ஒருநாள் மூடியது நினைவிருக்கும். அந்த மாதங்களில் மண்ணிறத்தை ஒரு நாளும் தவற விடாதீர்கள்.

வயிற்றுவலிக்கு டிக்ளோபெனக் போடுவதாகவும் இருக்கிறது. ஆஸ்துமாக்காரர் சிலருக்கு அஸ்பிரினும் அந்த வகை வலி மாத்திரைகளும் முட்டு வரச் செய்துவிடும். போட்ட அன்று கூடுகிறதா என்று பாருங்கள். வைத்தியரிடம் கேட்கும் வரை பரசிற்றமோல் போதும்.

கலியாணப் பேச்சு

சொல்லத்தான் வேண்டுமா என்ற கேள்விக்கு முதலில் என் பக்கத்தைச் சொல்கிறேன். உங்கள் வருத்தம் உங்களுடையது. உங்களைப் பார்க்கும் வைத்தியர் உங்கள் சம்மதமில்லாமல் அம்மாவுக்குக்கூடச் சொல்லக்கூடாது, மாப்பிள்ளை வீட்டாருக்கு எப்படிச் சொல்வார்? கிளினிக் போனால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று தள்ளிப்போட வேண்டாம்.

இனி உங்கள் பக்கம். மூன்று வழி தெரிகிறது. ஒன்று, அம்மா சொன்னது போல நிறுத்தி மறைப்பது. இதை நான் ஏற்கவே மாட்டேன். கலியாண வீடு என்றால் ஓமப் புகை, பூ, பட்டுச் சேலைக்குள் இறுக்கம், இரண்டு இரவு நித்திரையில்லை. பம்ப் இல்லாமல் மணவறையில் முட்டு வந்தால் மறைத்த ஒன்றை ஐந்நூறு பேர் பார்ப்பார்கள். இரண்டாவது, ஒழுங்காக மருந்து எடுத்து அடக்கி வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் விடுவது. உடம்புக்கு இது பாதுகாப்பு. ஆனால் ஒரே அறையில் வாழப்போகிறவரிடம் எத்தனை நாள் பம்பை ஒளிப்பீர்கள்? ஒளித்தால் நேரத்துக்கு அடிக்க மாட்டீர்கள், அதுதான் என் கவலை. மூன்றாவது, ஊரைக் கூட்டிச் சொல்லாமல் மாப்பிள்ளையிடம் மட்டும் நீங்களே சொல்வது. "எனக்கு ஆஸ்துமா இருக்கிறது, பம்ப் எடுக்கிறேன், அதோடு வேலைக்கும் போகிறேன்." இவ்வளவுதான். நான் உங்கள் இடத்தில் இருந்தால் மூன்றாவதைத் தேர்ந்தெடுப்பேன், நிச்சயதார்த்தத்துக்கு முதலே. ஒரு பம்பைக் கண்டு பின்வாங்குகிற வீட்டைப் பற்றி அப்போதே தெரிந்துகொள்வதும் நல்லது என்பது என் சொந்த அபிப்பிராயம், வைத்திய ஆலோசனை அல்ல.

பிள்ளைகளுக்கு வருமா? பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் சாத்தியம் கூடும். கட்டாயம் வரும் என்றில்லை, உங்கள் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இல்லாமல்தானே உங்களுக்கு வந்தது. கர்ப்பகாலத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லிவைக்கிறேன். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு அப்போது குறையும், ஒரு பங்கினருக்குக் கூடும், மிச்சப் பேருக்கு அப்படியே இருக்கும். உங்களுக்கு எது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. வழமையாகக் கொடுக்கும் பம்ப்கள் அப்போதும் தொடர வேண்டியவை. குறைமாதப் பிரசவம், நிறை குறைந்த குழந்தை எல்லாம் அடங்காத ஆஸ்துமாவோடுதான் கூடுதலாக வருகின்றன. "வயிற்றில் பிள்ளை, பம்பை நிறுத்து" என்று யாராவது சொல்லத்தான் போகிறார்கள். கேட்காதீர்கள்.

ஓட வேண்டிய நேரம்

ஒரு வசனத்தை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியாவிட்டால், நீலம் அடித்தும் நான்கு மணித்தியாலம் தாங்காவிட்டால், உதடு நீலம் பாய்ந்தால், சோர்ந்து நித்திரை தூங்கினால், வீட்டில் இருக்கக்கூடாது. விசில் சத்தம் திடீரென்று நின்று, ஆனால் மூச்சு இன்னும் கஷ்டமாக இருந்தால் சுகமாகிவிட்டது என்று அம்மா நினைப்பார். அது மிக மோசமான அறிகுறி, சத்தம் எழுப்பக்கூடக் காற்று ஓடவில்லை என்று அர்த்தம். 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். வரும் வரை படுக்காமல் நிமிர்ந்து இருந்து, நீல பம்பை ஸ்பேசரோடு அரை நிமிடத்துக்கு ஒன்றாகப் பத்து அடி வரை எடுங்கள்.

அது வராமல் இருக்க, இந்தக் கிழமையே ஒரு நெஞ்சு நோய் கிளினிக்குக்குப் போங்கள். காசு ஒரு தடையாக இருக்கக்கூடாது. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கிளினிக்கும் பம்பும் இலவசம். கொழும்பில் தேசிய வைத்தியசாலை பக்கத்திலேயே இருக்கிறது, வெலிசறையில் சுவாச நோய்க்கென்றே தேசிய ஆஸ்பத்திரி இருக்கிறது. போகும்போது இரண்டு பம்பையும், பாமசிக் குளிசைகளின் வெறும் தகடுகளையும், பழைய எக்ஸ்ரேயையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். மேசையில் பையைக் கொட்டினால் வைத்தியருக்குப் பாதிக் கதை சொல்லாமலே விளங்கும்.

அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்குப் பம்பைப் பற்றி அங்கே விளக்குவார்கள் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், "அம்மாவுக்கும் ஒரு மாதமாகக் காலையில் இருமல், அது வயதுக்கு" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். வயதுக்கு இருமல் வராது, பிள்ளை. இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நின்றால் சளி பரிசோதித்துக் காசம் இல்லை என்று உறுதிப்படுத்துவது இங்கே வழக்கம். இத்தனை வருட விறகடுப்புப் புகையும் நுளம்புச் சுருளும் அவருடைய குழாய்களை என்ன செய்திருக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். அந்த மெஷினில் அவரையும் ஒரு தடவை ஊதச் சொல்லும்படி கேளுங்கள்.